அநுராதபுரத்து லைனில் நாளுக்கொரு வசனம்

இராசமலர் முதல் தடவை எழுதிய சிங்களப் பரீட்சையில் அவருக்குக் கிடைத்தது நூற்றுக்குப் பதினொரு புள்ளி. அதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் நான் திருகோணமலைத் தபாற்கந்தோரின் தொலைபேசிப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து, அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபோது, முதல் வாரமே சொன்னார். "பதினொண்டு, லைலா. அதிலயும் ரெண்டு புள்ளி பேரைச் சரியா எழுதினதுக்கு." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இங்கே நான் எழுதுவதில் பெரும்பகுதி அவர் சொல்லக் கேட்டது. மிச்சம் பக்கத்தில் இருந்து பார்த்தது.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன ஐம்பத்தேழாம் ஆண்டில், இருபத்திரண்டு வயதில், அவர் ஒப்பரேட்டராகச் சேர்ந்தார். ஆங்கிலம் நன்றாகத் தெரியும். தமிழ் வீட்டுப் பாஷை. அந்த வேலைக்கு அதுவரை இரண்டும் போதுமாயிருந்தன. ஆனால் சிங்களம் மட்டுமே அரச பாஷை என்று சட்டம் மாறியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று வருடத்துக்குள் சிங்களத்தில் சித்தியடைய வேண்டும். இல்லாவிட்டால் வேலை நிலைக்காது.

சனிக்கிழமைகளில் அரசாங்கம் ஒரு வகுப்பு வைத்தது. மாவட்ட நிருவாகக் கச்சேரிக்காரர், புகையிரதக்காரர், ஆஸ்பத்திரிக்காரர் என்று நாற்பது பேர் ஒரு மண்டபத்தில் இருப்பார்கள். ஆசிரியர் கரும்பலகையில் வேற்றுமை உருபுகளை எழுதுவார். எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். சேர்ந்து சொல்லும்போது எல்லோருக்கும் வந்தது. தனியே எழுப்பிக் கேட்டால் ஒருவருக்கும் வரவில்லை. இராசமலர் ஞாயிறு முழுவதும் வீட்டில் இருந்து நூறு சொற்களைப் பாடமாக்குவார். புதன்கிழமை பார்த்தால் பத்து மிஞ்சியிருக்கும். தன் தலையில்தான் ஏதோ பழுது என்று அவர் நினைத்திருந்தார்.

வீட்டில் இன்னொரு கதை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் தவராசா கச்சேரியில் எழுதுவினைஞர். ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அவர் சிங்கள வகுப்புப் பக்கமே போகவில்லை. தான் வேலைக்குச் சேரும்போது கேட்காத பாஷையை இப்போது கேட்கிறார்கள், அதைப் படித்தால் அதை ஒத்துக்கொண்டதாகும் என்பது அவருடைய கட்சி. அவர் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. தங்கை மேசையில் புத்தகத்தை விரித்தால், எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். அவ்வளவுதான்.

ஐம்பத்தொன்பதின் தொடக்கத்தில்தான் அது நடந்தது. ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்குத் தூர லைன்களைச் சோதித்துப் பார்ப்பது ஒப்பரேட்டரின் முதல் வேலை. அநுராதபுரத்து லைனைப் பலகையில் செருகினால் மறுபக்கத்தில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் "கேட்கிறது" என்று சொல்லும். இவரும் அதையே சொல்லிக் கழற்றிவிடுவார். இரண்டு வருடமாக அந்தக் குரலின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஒருநாள் அந்தக் குரல் கழற்றவில்லை. வவுனியாப் பக்கத்து வியாபாரிகள் தன்னைத் தமிழில் ஏசுகிறார்கள் என்றும், கொஞ்சம் பொறுங்கள் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றும் கேட்டது. "கொஞ்சம் பொறுங்கோ" என்று இவர் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு, உனக்கு எங்கள் பாஷையில் அது தெரியுமா என்று கேட்டாள். இவருக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக வகுப்புக்குப் போயும், தினமும் இருநூறு தடவை தேவைப்படும் அந்த ஒரு வசனம் தெரியாது. "பொட்டக் இன்ன" என்றாள் அந்தப் பெண். அவள் பெயர் சுமனாவதி.

அன்றைக்கு இராசமலர் அதை நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார். கடற்படைத் தளத்திலிருந்து கூப்பிட்ட ஒருவருக்குச் சொன்னார். மாத்தளைக்கு லைன் கேட்ட லொறி முதலாளிக்குச் சொன்னார். மறுநாள் காலை லைனைச் செருகும்போதே வாய் அதைச் சொல்லிவிட்டது. அவர் நினைத்துச் சொல்லவில்லை. கை செருகியது, வாய் சொன்னது.

அப்படித்தான் ஒழுங்கு ஏற்பட்டது. முதலில் நேற்றைய வசனத்தை இருவரும் சொல்லிக் காட்ட வேண்டும். பிறகு புதிதாக ஒன்று. ஒன்றுக்கு மேல் இல்லை. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடியும். ஒருநாள் ஆசைப்பட்டு நான்கு வசனம் மாற்றிக்கொண்டார்கள். அடுத்த நாள் இரண்டு பேருக்கும் ஒன்றும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஆசைப்படவில்லை.

வேடிக்கையான தடுமாற்றங்களும் இருந்தன. சிங்களத்தில் 'இன்ன' என்றால் இருங்கள், 'என்ன' என்றால் வாருங்கள். தமிழ்க்காரர் லைனில் "என்ன?" என்று கேட்கும்போதெல்லாம் சுமனாவதி, எங்கே வரச் சொல்கிறார்கள் என்று முழித்திருக்கிறாள். இராசமலரோ, சிங்களக்காரர் "என்ன" என்றால், "ஒண்டுமில்லை" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

மேசையில் இருந்து படித்தது ஓடிப்போனது, கை வேலை செய்யும்போது சொன்னது தங்கிவிட்டது. இதை அவர் மெல்ல மெல்லத்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த அன்று தன் தலையில் பழுதில்லை என்று தெரிந்து அழுகை வந்ததாகச் சொன்னார்.

லைனில் சொந்தக் கதை கதைப்பது குற்றம். தபாலதிபர் சோமசேகரம் ஒருநாள் பின்னால் வந்து நின்று கேட்டுவிட்டார். கடுமையான மனிதர் அவர். இராசமலர் எழுந்து நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சோமசேகரம் லைன்கள் செருகும் பலகையில் ஒரு தடவை கண்ணோட்டினார்.

"லைனைச் சோதிக்க ஏதோ ஒரு வசனம் சொல்லத்தானே வேணும்" என்றார். "அது என்ன பாஷை, என்ன வசனம் எண்டு சட்டத்தில எழுதேல்லை. ஒரு நிமிசத்துக்கு மேலே போகக்கூடாது."

இரண்டாம் தடவை பரீட்சையில் பேச்சில் நல்ல புள்ளி வந்தது, எழுத்தில் தோற்றார். சிங்களத்தில் கதைப்பது ஒன்று, எழுதுவது வேறொன்று என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கதைப்பதைப்போலவே எழுதிவிட்டு வந்திருந்தார். அதற்கும் ஒரு பழக்கம் தேடினார். காலையில் தேநீர் ஆறும் நேரத்தில், அரசாங்க அறிவித்தல் ஒன்றிலிருந்து ஒரே ஒரு வரியைப் பார்த்து எழுதுவது. தேநீர் ஆறியதும் பேனையை மூடிவிடுவார், வரி பாதியில் நின்றாலும். அறுபதில், கடைசித் தவணையில், சித்தியடைந்தார்.

செய்தி வந்த அன்று வீட்டில் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சமைத்துவைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றார். தவராசாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"சட்டத்துக்குப் பயந்துதானே படிச்சனி, தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஓம், அண்ணா. சட்டம்தான் துரத்தினது. அதில பொய் சொல்ல மாட்டன். ஆனா இந்த வேலை எனக்கு விருப்பம். அந்தப் பிள்ளையோட கதைக்கிறதும் விருப்பம்."

"எனக்கு ஏலாது."

"தெரியும். நீங்கள் படிக்க வேணுமெண்டு நான் சொல்லேல்லை."

அறுபத்திரண்டில் தவராசா வேலையை விட்டு முன்கூட்டியே ஓய்வு பெற்றார். கிளிவெட்டியில் இருந்த தாய்வழிக் காணியைப் பார்க்கப் போய்விட்டார். இருவரும் அதன்பிறகு பாஷையைப் பற்றிக் கதைக்கவில்லை. அண்ணன் பிழை என்று இராசமலர் ஒரு நாளும் சொன்னதில்லை. "ரெண்டு பேரும் சரியா இருக்கிறதுக்கு அந்த வீட்டில இடம் காணாமப் போச்சு" என்றுதான் என்னிடம் சொன்னார்.

அந்த வருடமே சோமசேகரம் அவரைக் கூப்பிட்டு, கந்தோரில் இன்னும் சித்தியடையாத ஆறு பேருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பிக்கச் சொன்னார். எல்லோரும் அவரைவிட வயதில் மூத்தவர்கள். கடிதம் பிரிக்கும் அறையில் வகுப்பு நடந்தது. தனக்கு உதவிய அதே வசனங்களை, நாளுக்கு ஒன்றாக, ஆறு பேருக்கும் கொடுத்தார். நான்கு மாதம் போனது. ஒருவரும் சித்தியடையவில்லை.

முத்திரையும் பார்சலும் பார்க்கும் ஜவாஹிர் கிண்ணியாவிலிருந்து ஒவ்வொரு நாளும் துறை தாண்டி வருகிறவர். ஒரு சிங்கள மாது பார்சலோடு வந்து நின்றபோது, அவர் படித்த வசனம் தானாக வாயில் வந்தது: "லைனில் இருங்கள், இப்போது கதையுங்கள்." அந்த மாது யாரோடு கதைப்பது என்று சுற்றும்முற்றும் பார்த்தாள். ஜவாஹிர் வந்து, "தங்கச்சி, எனக்குப் பழக்கம் வந்திட்டுது. ஆனா அது உங்கட பழக்கம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தனக்குப் பெரிய அடியாக விழுந்தது என்று இராசமலர் சொன்னார்.

வகுப்பை நிறுத்தினார். அடுத்த இரண்டு வாரம், தன் ஓய்வு நேரத்தில் ஒவ்வொருவருடைய வேலை இடத்திலும் போய் அரை மணி நேரம் இருந்தார். ஆட்கள் வந்து என்ன கேட்கிறார்கள், இவர்கள் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது என்று, பழைய தந்திப் படிவங்களின் பின்பக்கத்தில், ஆளுக்கொரு துண்டாகக் குறித்தார். ஜவாஹிரின் துண்டில் நிறை, முத்திரை, உள்ளே என்ன இருக்கிறது, பார்சல் தொலைந்துவிட்டது என்பவை வந்தன. காலையில் முத்திரை விற்கும் யன்னலைத் திறக்கும் நேரம் அவருக்குரிய நேரமாயிற்று. ஒரு வசனம் சொல்லித்தான் கொக்கியைக் கழற்றுவார்.

கடிதம் பகிரும் பக்கீரின் விஷயம் வேறு. அவர் சந்தையிலும் துறைமுகத்திலும் திரிந்து, சிங்களத்தை இராசமலரைவிட நன்றாகக் கதைப்பார். நான்கு மாதம் வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தது மரியாதைக்காக. அவருக்கு இல்லாதது எழுத்து மட்டும்தான். ஆகவே அவருக்கு வசனமே கொடுக்கவில்லை. காலையில் பையைத் தோளில் போடுமுன் சிங்களத்தில் முகவரி எழுதிய ஒரே ஒரு உறையை வாசிக்க வேண்டும். முதல் வாரம் ஒரு உறைக்குப் பத்து நிமிடம் எடுத்தார். அவர் வாசிக்கும்வரை மற்றவர்கள் பொறுத்திருந்தார்கள்.

காசுக்கட்டளை பார்க்கும் குணேஸ்வரிக்குத்தான் வழி கிடைக்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். எழுதுவார், கேட்டால் விளங்கும். ஆனால் ஆட்களுக்கு முன்னால் வாய் திறந்தால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். பிழை பேசிச் சிரிப்பார்களோ என்ற பயம். ஆறு பேர் வகுப்பு அவருக்குச் சந்தை மாதிரி. இராசமலர் ஒரு மாதம் யோசித்தார். பிறகு, கந்தோருக்குள் இருக்கும் தொலைபேசியில் காலை எட்டு மணிக்குத் தன்னைக் கூப்பிடச் சொன்னார். குணேஸ்வரி சுவரைப் பார்த்துக்கொண்டு, ரிசீவரைக் கையால் மறைத்து, மெல்ல ஒரு வசனம் சொல்வார். முகம் தெரியாது. கேட்பது ஒரே ஒரு காது. மூன்றாம் மாதம் குரல் பலத்தது. ஐந்தாம் மாதம், சுவரைப் பார்க்காமல் திரும்பி நின்று சொன்னதைக் கண்டதாக ஜவாஹிர் வந்து சொன்னார். அறுபத்து மூன்றில் ஐந்து பேர் சித்தியடைந்தார்கள். ஆறாமவர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அறுபத்துநான்கு மார்கழியில் சூறாவளி வந்தது. கூரைகள் போயின, தென்னைகள் முறிந்தன, லைன்கள் எல்லாம் அறுந்தன. ஐந்தாம் நாள் காலை, தூர லைன்களில் அநுராதபுரத்து லைன் மட்டும் உயிர் பெற்றது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. சுமனாவதி வசனம் எதுவும் சொல்லவில்லை. "இருக்கிறியா?" என்று தமிழில் கேட்டாள். "இருக்கிறேன்" என்று இவர் சிங்களத்தில் சொன்னார். அதன்பிறகு இரண்டு நாள் இருவரும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் தங்கள் உறவினரைக் கேட்டார்கள். லைன் பலவீனமாக இருந்ததால் கூப்பிட்டவருக்கும் இங்கே இருப்பவருக்கும் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. ஒப்பரேட்டர்கள் நடுவில் கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் கேகாலைப் பக்கத்து உபதபாற்கந்தோர் ஒன்றிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். துறைமுகத்தில் தச்சு வேலைக்கு வந்த தன் புருசனைக் கேட்டாள். இராசமலர் வேலைத்தலத்து மேற்பார்வையாளரை உள்ளூர் லைனில் எடுத்தார். அவர் தமிழர். சுவர் விழுந்து அந்த ஆள் செத்துப்போனார், நேற்று எரித்துவிட்டோம் என்றார்.

அந்தப் பெண் லைனில் காத்திருந்தாள். இராசமலரிடம் அதற்கு வசனம் இருக்கவில்லை. ஆறு வருடம் நாளுக்கொன்றாகச் சேர்த்ததில் அது இல்லை. சாவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியும். ஆனால் அது ஆடு மாடு செத்தால் சொல்லும் சொல் என்று கேள்விப்பட்டிருந்தார். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியில், ஜவாஹிரின் துண்டுக்காக எழுதிய ஒரு வசனம்தான் வந்தது. "நெத்தி உனா" என்றார். தொலைந்துபோயிற்று. பார்சல் தொலைந்தால் யன்னலில் சொல்வது. அதற்கு மேல், சுவர், காற்று, நேற்று என்று உடைந்த சொற்களைச் சேர்த்துச் சொன்னார். அந்தப் பெண் கடைசிவரை கேட்டு முடித்தாள். பிறகு, சொன்னதற்கு நன்றி, மகளே என்றாள்.

ஒரு மனிதனின் சாவைப் பார்சலுக்கு உரிய சொல்லில் சொல்லிவிட்டேனே என்று இராசமலர் உடைந்துபோனார். மற்ற லைன்களைப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லைக் கேட்கும் நேரம்தான் நடுவில் வந்திருந்த சுமனாவதி, அவர் அழுது முடிக்கும்வரை லைனைக் கழற்றவில்லை.

"அதைத்தான் நாங்களும் சொல்லுறது" என்றாள், தன் தமிழில். "எங்கட அம்மா செத்தபோதும் எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னவை. நீ பிழை விடேல்லை."

இந்தக் கதையை எனக்குச் சொல்லும்போது இராசமலர் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். பழக்கத்தால் வருவது ஒரு எல்லைவரைதான். அதற்கு அப்பால், முன்னால் இருக்கிற ஆளுக்காக இருக்கிறதை வைத்து ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த எல்லைவரை வந்திருக்காவிட்டால் அன்றைக்குத் தன் கையில் ஒன்றுமே இருந்திருக்காது என்றும் சொன்னார்.

சுமனாவதியும் அவரும் நேரில் சந்தித்தது ஒரே ஒரு தடவை. அறுபத்தெட்டில், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் குடும்பத்தோடு வந்தவள், கந்தோருக்கும் வந்தாள். நான் அங்கே இருந்தேன். ஒன்பது வருடம் தினமும் கதைத்தவர்கள், முகம் பார்த்ததும் வெட்கப்பட்டு, தேநீரைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் கதைத்துவிட்டுப் பிரிந்தார்கள். மறுநாள் காலை லைனில்தான் மனம்விட்டுக் கதைத்தார்கள். எழுபதில் சுமனாவதி காலிக்கு மாற்றலாகிப் போனாள்.

தவராசா கடைசிவரை சிங்களம் படிக்கவில்லை. ஆனால் எழுபத்திரண்டில் ஒருநாள் கந்தோருக்கு வந்து, பக்கீருக்கு எழுத்து எப்படிப் பழக்கினாய் என்று தங்கையிடம் விபரமாகக் கேட்டார். கிளிவெட்டியில் வயலில் வேலை செய்பவர்களில் பலருக்குத் தமிழில் கையெழுத்து வைக்கவே தெரியாதாம். வேலைக்கு இறங்குமுன் ஒரு எழுத்து என்று தொடங்கப் போவதாகச் சொன்னார். இராசமலர் பழைய துண்டுகளை அலுமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். அண்ணனும் தங்கையும் மத்தியானம் முழுவதும் அவற்றைப் பரப்பிவைத்துக் கதைத்ததை நான் கண்டேன்.

எழுபத்தொன்பதில், இருபத்திரண்டு வருடச் சேவையோடு, இராசமலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் மூதூர் மருந்தகத்துக்கு வந்திருந்த விக்கிரமரத்ன என்ற சிங்கள அப்போதிக்கரி, நோய் பார்த்து மருந்து கொடுப்பவர், அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார். தமிழ் வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியவர். வருகிற பெண்களிடம், "தங்கள் தேகசௌக்கியம் எவ்வாறு உள்ளது?" என்று கேட்கிறாராம். அவர்கள் முக்காட்டுக்குள் சிரிக்கிறார்களாம்.

இராசமலர் லோஞ்ச் படகில் கொட்டியாரக் குடாவைத் தாண்டி மூதூர் போனார். மூன்று காலை, நோயாளிகளோடு நோயாளியாக, அவர்கள் காத்திருக்கும் நீள வாங்கில் இருந்தார். இடுப்பு வலியை நாரி உளையுது என்றும், தலை சுத்துது, காய்ச்சல் காயுது, பிள்ளை பால் குடிக்குதில்ல என்று அவர்கள் சொல்வதைச் சொன்னபடி எழுதினார். மருந்துப் போத்தலை எடுக்கக் கை நீட்டும்போது சொல்வதற்கு, நாளுக்கு ஒன்றாக அவருக்குக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து விக்கிரமரத்ன மறுபடி வந்தார். சந்தோசமாக இல்லை. கட்டைபறிச்சானிலிருந்து வந்த ஒரு வயதான பெண்ணிடம் "எத்தின நாளா உளையுது?" என்று கேட்டிருக்கிறார். தமிழ் அவ்வளவு சரியாக இருந்ததால், அந்தப் பெண் இவருக்கு எல்லாம் விளங்கும் என்று நம்பி, மருமகளில் தொடங்கி வயல் அறுவடைவரை கால் மணி நேரம் கதைத்திருக்கிறார். இவருக்கு அதில் நான்கு சொல் விளங்கியது. கேள்வி கேட்கப் பழகிவிட்டேன், பதிலை விளங்கிக்கொள்ள எப்படிப் பழகுவது என்று கேட்டார்.

"அதுக்கு என்னட்டத் துண்டு இல்லை, ஐயா" என்றார் இராசமலர். "ஒரு நாளைக்கு ஒரு ஆளையெண்டாலும் இடையில மறிக்காமக் கேளுங்கோ. விளங்காட்டியும் கேளுங்கோ."

விக்கிரமரத்ன தன் கதிரையை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தூக்கி, நோயாளிகளின் வாங்குக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு காலையும் முதலில் வருகிற ஆளின் கதையை முழுவதும் கேட்டார். இதனால் மருந்தகத்தில் வேலை பிந்துகிறது என்று சிலர் குறை சொன்னார்கள். ஆனால் முதல் ஆளாகப் போய் நிற்பதற்கு மூதூரில் பெண்கள் விடிய ஐந்து மணிக்கே வரத் தொடங்கியிருந்தார்கள்.